பச்சைத் தார்ப்பாய்

ஜூன் 3

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். இந்த ஆற்றங்கரையில் கைபேசி வெறும் கடிகாரம்தான். இனி நாம் பேசிக்கொள்வதெல்லாம் லாரி ஓட்டுநரின் சட்டைப் பை வழியாகத்தான். எல்லாரும் அவரை மீசை என்று கூப்பிடுகிறார்கள். முகத்தில் மீசை இல்லை, எப்போதோ எடுத்துவிட்டாராம். "அக்காவுக்கா? அப்ப பத்திரமாப் போய்ச் சேரும். ஒரு கயிறு குறைஞ்சாலும் லாரியத் திருப்பி விடுற ஆளாச்சே" என்றார். உன் புகழ் ஆற்றங்கரை வரை வந்திருக்கிறது.

லாரி கிளம்பும்போது நீ வரவில்லை. வருவாய் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "காப்பீட்டு ஆபீஸ்ல நாற்காலியத் தேய்ச்சவன் அங்க போய் என்ன கிழிக்கப் போறான்" என்று நீ சொன்னதை நம் நிவாரண அமைப்பின் இயக்குநரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். என் பணி உத்தரவில் நீ கையெழுத்துப் போட மறுத்ததால் அவரே போட்டாராம். கிடங்கு உன் பொறுப்பு, ஆட்கள் அவர் பொறுப்பு, ஆகவே செல்லும். நீ உன் தம்பியைச் சரக்காக நினைத்துத் தரம் பார்த்திருக்கிறாய். போகட்டும்.

இடத்தைச் சொல்கிறேன். மூடிக் கிடக்கும் ஒரு சோப்புத் தொழிற்சாலை. கொட்டகைகளின் கூரை எரிந்துவிட்டது. மிஞ்சியது அலுவலக அறை மட்டும். நானும் மருந்துப் பெட்டிகளும் அதில் இருக்கிறோம். கண்ணாடி அலமாரியில் இன்னும் மாதிரி சோப்புகள் அடுக்கியிருக்கின்றன. எதைத் தின்றாலும் மல்லிகை வாசனை. பின்னால் பெரிய பழத்தோட்டம். மரங்கள் அளந்து வைத்தாற்போல வரிசை வரிசையாக நிற்கின்றன. விமானத் தாக்குதலுக்குப் பயந்து அக்கரை ஊரிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் எல்லாம் அந்த மரங்களுக்கு அடியில்தான்.

நீ அனுப்பிய வெள்ளைத் தார்ப்பாய்களை நேற்றே கொடுத்து முடித்தேன். வரிசையில் நின்று வாங்கினார்கள், சண்டை இல்லை. இன்று காலை தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் சேற்றைக் குழைத்து அதன்மேல் பூசிக்கொண்டிருந்தார்.

ஒரு பெண், தையல்காரம்மா என்கிறார்கள், மெஷினைத் தூக்கிக்கொண்டே ஆற்றைக் கடந்தவர். அவரிடம் கேட்டேன்.

"தம்பி, நீங்க நல்ல மனசோட குடுத்தீங்க. ஆனா வெள்ளையக் கட்டினா மேல போறவனுக்கு, வாப்பா இங்கதான் இருக்கோம்னு கை காட்டின மாதிரி இல்ல?"

"கை காட்டணும்னுதாம்மா வெள்ளை. நீங்க குடும்பங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா?"

மரத்தோடு மரமாக இருக்கும் பச்சை நிறத்தில் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்குமா?

மழை வரப்போகிறது. அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

மீசைக்கு மீசை இல்லாதது எனக்குப் பல வருடமாகத் தெரியும். உன் கடிதத்தில் புதிய செய்தி தார்ப்பாய் பற்றியது மட்டும். அதற்குப் பதில் எழுதுகிறேன்.

வெள்ளை அழகுக்காக அல்ல. மேலிருந்து பார்ப்பவனுக்குக் கீழே இருப்பவர்கள் யார் என்று தெரியட்டும் என்பதற்காக. நடுவில் நம் சின்னத்தை அவ்வளவு பெரிதாக அச்சிடுவதும் அதற்காகவே. கொஞ்சம் விளம்பரத்துக்காகவும்தான், இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். வெள்ளை காப்பாற்றும் என்று நான் நம்புகிறேனா என்று கேட்டால், தெரியாது. காப்பாற்றிய இடங்கள் உண்டு. காப்பாற்றாத இடங்களும் உண்டு. முதல் வகை இரண்டாவதைவிட அதிகம் என்பதால் விதி அப்படி இருக்கிறது. கல்லூரியில் புள்ளியியல் கற்றுக்கொடுத்தபோது நான் மாணவர்களிடம் சொன்னதும் இதுதான்: அதிகம் என்றால் எப்போதும் என்று பொருள் இல்லை.

ஒரு தையல்காரம்மா சொன்னார் என்பதற்காகக் கொள்முதலை மாற்ற முடியாது. அவர் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒருவர் சொல்வது ஒருவர் சொல்வதுதான். எல்லாரையும் உட்காரவைத்துக் கேள். பெண்களைத் தனியாகவும் கேள். ஆண்கள் இருக்கும்போது அவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள்.

கையெழுத்து விஷயம். நீ போகக்கூடாது என்பதற்காக நான் மறுக்கவில்லை. உனக்கு இரக்கம் அதிகம், அது அங்கே ஆபத்து என்பதற்காக மறுத்தேன். இதை நேரில் சொல்லியிருக்கலாம்.

அம்மா, "புள்ள சாப்பிட்டானா" என்று என்னைக் கேட்கிறாள், நான்தான் உன்னைப் பட்டினி போட்டு அனுப்பியது போல.

அக்கா


ஜூன் 11

அக்கா,

எல்லாரையும் கேட்டேன். எரிந்த கொட்டகைக்குள் உட்காரவைத்து, நீ சொன்னபடி பெண்களைத் தனியாகவும். எல்லாக் கையும் பச்சைக்குத்தான் உயர்ந்தது. ஒரு பெண்குழந்தை இரண்டு கையையும் தூக்கியது. அதை ஒன்றாகத்தான் எண்ணினேன், கவலைப்படாதே.

அக்கரை ஊரில் பேருந்து நடத்துனராக இருந்தவர் ஒருவர் இங்கே எல்லாருக்கும் பெரியவர் போல. கண்டக்டர் என்றால் தெரியாதவர் இல்லை. உன் வாதத்தை அவரிடம் அப்படியே வைத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"சார், எங்க ஆஸ்பத்திரி மொட்டைமாடியில அவ்வளவு பெருசா சின்னம் வரைஞ்சிருந்தோம். பெயிண்ட் வாங்க நானே வசூல் பண்ணினேன். ஊர்ல முதல் குண்டு விழுந்தது அதுமேலதான். தெரியணும், தெரியணும்னு சொல்றவங்க எல்லாம் கூரைக்கு உள்ள உக்காந்துக்கிட்டு சொல்றாங்க."

அது உனக்கு என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு உன்னைத் தெரியாது, ஆனாலும்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. வெள்ளையைக் கட்டச் சொல்லிக் கெஞ்சினேன். தலைக்கு மேல் கட்டாமல் போர்வை மாதிரி உடம்பில் சுற்றிக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள். வானத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் அதையும் உருவிச் சேற்றில் புதைக்கிறார்கள். தையல்காரம்மாவின் மாமனாருக்கு மூச்சிரைப்பு. இரண்டு கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சல். என் அறையில் குழந்தைகளைப் படுக்கவைத்துவிட்டு நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

கட்டாத தார்ப்பாய் வெள்ளையாக இருந்தால் என்ன, பொன்னாக இருந்தால் என்ன?

நீ எதையும் நாலு பக்கமும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாய். தெரியும். இந்த ஒரு தடவை சீக்கிரம் தட்டிப் பார்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

பச்சை வருகிறது. மீசையின் லாரியில் பாதிக்கு மேல் அதுதான்.

இயக்குநரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவங்க கட்டிக்கவே போறதில்லன்னா வெள்ளைய அனுப்பி என்ன புண்ணியம், உங்க இஷ்டம்மா" என்றார். அவருடைய ஒப்புதல் எப்போதும் இப்படித்தான். நல்லபடி முடிந்தால் அவருடையது.

சந்தையில் மெல்லிய பச்சைதான் கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல்கள் தெரிந்தன. ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். லாரிப் படுதா தைத்து விற்கும் ஒரு பழைய கடை, மாடி முழுக்க உருளை உருளையாகச் சரக்கு. கடைக்காரர் ஒரு உருளையை உதைத்து உருட்டினார். கரும்பச்சை, மெழுகு பிடித்தது, ஓரங்களில் பித்தளை வளையம்.

"இது பட்டாளத்துக்குப் போற சரக்கும்மா. இதுல குறை சொல்ல ஆள் கிடையாது. அவங்க எடுத்தது போக மிச்சம்."

மற்றக் கடைக்காரர்கள் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. இதை நம்பினேன். ராணுவத்தார் பொருள் வாங்கும்போது என்னைவிடக் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள். ஆனாலும் கிடங்கு மாடியில் ஒன்றைக் கட்டி, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் செய்தித்தாளை விரித்து ஒரு பகல் முழுவதும் வைத்தேன். தாளில் ஒரு சொட்டு இல்லை. தையலை இழுத்துப் பார்த்தேன். வளையங்களில் கயிறு கட்டி நானும் காவலாளியும் ஆளுக்கொரு பக்கம் தொங்கினோம். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க நாளாகும்.

சின்னம் அச்சிடவில்லை. அச்சகத்தில் ஒரு வாரம் கேட்டார்கள். தவிர, தெரியக்கூடாது என்பவர்களுக்குச் சின்னம் எதற்கு?

கண்டக்டர் சொன்னது என்னைத்தான் என்பது எனக்கும் புரிந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சல் எப்படி?

அக்கா


ஜூன் 19

அக்கா,

நீ ஒரு நாளாவது என் முன்னால் பாராட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. நேற்று வாங்கினாய், நீ இல்லாமலே.

லாரியைச் சுற்றிக் கூட்டம். மீசை ஒன்றை விரித்துக் காட்டினார். இது எங்கிருந்து என்று கேட்டார்கள். உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். வாளித் தண்ணீர், செய்தித்தாள், காவலாளியோடு தொங்கியது எல்லாம். சிரித்தார்கள். அவர்கள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. கடைக்காரர் சொன்னதைப் படித்தபோது தையல்காரம்மா துணியின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்து, "பட்டாளத்துச் சரக்கா? அப்ப எங்க ஆயுசுக்கும் கிழியாது" என்றார். சிலர் கைதட்டினார்கள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் கட்டியாகிவிட்டது. இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே நேராகப் போகும் வெறுந்தரையில், மரத்துக்கு மரம் கயிறு இழுத்து, ஒன்றை அடுத்து ஒன்று. கண்டக்டர் நடுவில் நின்று பேருந்தில் ஆள் ஏற்றுவது போல, "உள்ள போ, உள்ள போ, பின்னால எடம் இருக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார். மீசையும் கூட வந்து, அடுத்த நடை வரை இங்கேயே நிற்கப்போகும் இரண்டாவது லாரியைத் தோட்டத்துக்குள் ஓட்டிப்போய் ஒரு பச்சையால் மூடிவிட்டார்.

நான் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பார்த்தேன். அக்கா, ஒன்றும் தெரியவில்லை. வெறும் தோட்டம். அத்தனை குடும்பங்களும் இலைக்குள் போய்விட்டன. இறங்கி வந்து தெரியவில்லை என்று சொன்னதும், தையல்காரம்மாவின் கணவர், அதிகம் பேசாதவர், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரவெல்லாம் மழை. காலையில் எல்லாரும் உலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சல் விட்டது. தையல்காரம்மா மெஷினைப் படுதாவுக்குக் கீழே வைத்து, மிச்சமான வெள்ளையை வெட்டிப் பிள்ளைகளுக்கு மழைச் சட்டை தைக்கிறார். உனக்கும் ஒன்று தைத்துத் தருகிறாராம். அளவு கேட்டார். எங்கள் அக்கா குச்சி, ஆனால் குரல் பெரிது என்றேன்.

நீ சொன்ன இரக்கம் இங்கே ஒன்றும் கெடுத்துவிடவில்லை.

தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

இதை எழுதி மீசையிடம் கொடுத்து, இன்றே புறப்படச் சொல்கிறேன்.

காலை வானொலியில் ஒரு செய்தி. ஆற்றுக்கு இப்பால் ஒரு பழத்தோட்டத்தில் மறைந்திருந்த படை முகாம் விமானத்தால் தாக்கி அழிக்கப்பட்டது என்று விமானப்படை அறிவித்திருக்கிறது. வரிசையாக அமைந்த ராணுவக் கூடாரங்கள், மூடிவைத்த ஒரு வாகனம் என்று சொன்னார்கள். இடத்தின் பெயரைச் சொல்லவில்லை.

நான் இப்படி யோசிக்கிறேன். அந்தப் பக்கம் பழத்தோட்டங்கள் நிறைய. உங்கள் தோட்டத்தில் படை முகாம் எதுவும் கிடையாது, இருந்திருந்தால் நீ எழுதியிருப்பாய். ஆகவே அது வேறு தோட்டம். உங்கள் தோட்டத்தில் இருப்பவை தார்ப்பாய்கள். கூடாரங்கள் அல்ல.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன்.

வேறு தோட்டம் என்று மட்டும் எழுதி அனுப்பு. ஒரு வரி போதும். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வானொலியை அணைத்துவிட்டு, பழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

நம் தோட்டம்தான்.

நான் அலுவலக அறையில் இருந்தேன். எனக்குக் காயம் இல்லை. கண்ணாடி அலமாரி மட்டும் உடைந்தது. சோப்புகளைப் பொறுக்கி அடுக்கினேன். ஏன் என்று தெரியவில்லை. வெளியே அந்தச் சத்தத்தில் நான் சோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பகல் வெளிச்சம். மழை இல்லாத காலை. பாதிப்பேர் ஆற்றில் துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் போயிருந்தார்கள். அதனால்தான் பாதிப்பேர் இருக்கிறார்கள். தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மாமனார் பக்கத்தில் படுத்திருந்தார். கணவர் ஆற்றில். கைதூக்கச் சொன்னபோது இரண்டு கையையும் தூக்கிய குழந்தையைப் பற்றி எழுதியிருந்தேன் இல்லையா. அதுவும் அங்கேதான்.

இப்போது எண்ணிக்கை எழுதப் போவதில்லை. என்னால் முடிகிறபோது எழுதுகிறேன்.

அந்தப் படுதா கிழியவே இல்லை அக்கா. அவர்களை அதில்தான் தூக்கிக்கொண்டு போனோம். ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் கண்டக்டர் வானொலி கேட்டார். படை முகாம் என்று சொன்னதைக் கேட்டு அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தொட்டிக்குக் கீழே நிற்கவைத்தார்.

"சார், நீங்க இதுமேல ஏறித்தான பாத்தீங்க?"

"ஆமா."

"இது பக்கவாட்டுல பாக்கிறது. மரம் மறைக்கும். அவன் நேரா மேல இருந்து பாக்கிறான். ரெண்டு வரிசைக்கு நடுவுல கோடு போட்ட மாதிரி தெரிஞ்சிருக்கும். பட்டாளத்துப் பச்சை, ஒரே அளவு, வரிசையா. லாரி வேற. நான்தான உள்ள போ உள்ள போன்னு வரிசையாக் கட்டவெச்சேன்."

தொட்டியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன்.

எல்லார் முன்னாலும் படித்தேனே அக்கா. பட்டாளத்துக்குப் போகிற சரக்கு என்று வாய்விட்டுப் படித்தேன். கேட்டார்கள். கைதட்டினார்கள். நானும் படித்துக்கொண்டே சிரித்தேன். நீ எழுதினாய், இயக்குநர் கேட்டார், மீசை ஏற்றினார். இத்தனை பேர் கையில் போய் வந்தது, ஒருவருக்குக்கூட, ஒருவருக்குக்கூட.

கண்டக்டரும் நானும் தவிர இங்கே யாருக்கும் இது புரியவில்லை. "சொல்லிடாதீங்க சார். அவங்க எல்லாம் அதுக்குக் கீழதான் இன்னும் படுக்கிறாங்க" என்றார். ஆமாம், மிச்சமானதை மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்கிறது. ஒரு பெண் வந்து, எரிஞ்சதுக்குப் பதிலா அதே கெட்டித் துணி இன்னொண்ணு வருமா என்று கேட்டாள். வரும் என்றேன்.

வெள்ளையை அனுப்பு. பச்சை தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லி மாற்றிவிடுகிறேன். நீயும் யாரிடமும் சொல்லாதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தையல்காரம்மாவின் கணவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறார். அவருக்குத் தெரிந்தால் நான் இங்கே ஒரு நிமிடம் நிற்க முடியாது.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

நீ கேட்டதை நான் செய்யவில்லை. கோபத்தோடாவது முழுவதும் படி.

உன் கடிதம் வந்த அன்றே இயக்குநர் கூப்பிட்டார். அவர் மேசைமேல் ஒரு தாள் தயாராக இருந்தது. நாங்கள் கொடுப்பவை வெள்ளைத் தார்ப்பாய்கள் மட்டுமே, சின்னம் இல்லாத பச்சைக் கூடாரங்களுக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை என்று எழுதியிருந்தது. கிடங்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும்.

"நம்ம சின்னம் அதுல இல்ல. அது நமக்கு நல்லதாப் போச்சு" என்றார்.

"நம்முது இல்லன்னா அதுக்குக் கீழ இருந்தவங்க யாரு சார்?"

"அது நம்ம கேள்வி இல்லம்மா."

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அது நம்முடையது இல்லை என்றால் அது முகாம். முகாம் என்றால் செத்தவர்கள் படைவீரர்கள். தையல்காரம்மா, மூச்சிரைப்போடு படுத்திருந்த கிழவர், அந்தக் குழந்தை, எல்லாரும். மேலே இருந்தவன் ஒரு தடவை அப்படிச் சொன்னான். கீழே இருக்கும் நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பிறகு அவர்களை வேறு யாரும் வேறு பெயரில் கூப்பிடப் போவதில்லை.

உன் கடிதத்தையும் பையில் வைத்திருந்தேன். அந்த மனிதர் உன் கையைப் பிடித்துக்கொள்வதை நீ எழுதிய வரிக்குமேல் என்னால் பல தடவை போக முடியவில்லை. உனக்காக வாயை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். நாள் முழுவதும் யோசித்தேன். நீ சொல்லாமல் இருப்பதால் அவர்கள் இரண்டு நாள் நன்றாகத் தூங்கலாம். ஆனால் அந்தப் படுதாவுக்குக் கீழே தூங்குவார்கள்.

இன்று காலை நிருபர்கள் முன்னால் பேசினேன். நிவாரண அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கூட்டும் வாராந்தரக் கூட்டம். நம் முறை வந்தபோது எழுந்தேன். அந்தத் தார்ப்பாய்களை நான் வாங்கினேன், இந்தக் கையால் ஏற்றி அனுப்பினேன், அவற்றுக்குக் கீழே குடும்பங்கள் இருந்தன, ஒருவர் தையல்காரி, தைத்துக்கொண்டிருந்தபோது செத்தார் என்று சொன்னேன். என் குரல் பெரிது என்று நீ கிண்டல் செய்வாய். இன்று கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம், மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன்.

ஒரு இளைஞர் கேட்டார்: "மேல இருந்து பாத்தா ராணுவ முகாம் மாதிரி இருந்திருக்கும்னு ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"அப்ப அவங்க தப்பு என்ன?"

"அவங்ககிட்ட மேல இருந்து பாக்கிற கருவி எல்லாம் இருக்கு. காயப்போட்ட துணி தெரியும். ஓடுற பிள்ளை தெரியும். எங்கிட்ட ஒரு வாளித் தண்ணிதான் இருந்தது."

அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. முதல் பதிலை மட்டும் எழுதிக்கொண்டார். எனக்குத் தெரியும், அதுதான் பெரிதாக வரும்.

கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே மீசையின் லாரியில் வெள்ளையை நிரப்பிவிட்டேன், திரும்பி வந்தால் கிடங்குச் சாவி என்னிடம் இருக்காது என்று தெரியும். இல்லைதான். காவலாளி என்னைக் கண்டு எழுந்து நின்றார், ஆனால் கதவைத் திறக்கவில்லை. அவர் மேல் குற்றம் இல்லை. இந்தக் கடிதத்தைத் தெரு முனையில் லாரியை மறித்துக் கொடுக்கப் போகிறேன்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "நீ பாத்துப் பாத்துத்தானடி வாங்குவ" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மிச்சமிருக்கும் பச்சை எல்லாவற்றையும் இறக்கிவிடு. காரணத்தோடு இறக்கு. அவர்கள் ஏன் இறக்குகிறோம் என்று தெரிந்து இறக்கட்டும். அதற்குப் பிறகு எதைக் கட்டுவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். எது காப்பாற்றும் என்று எனக்குத் தெரியாது. முன்பும் தெரியாது. முன்பு அதைக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 30

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்னால் உன் குரல் வந்துவிட்டது. கண்டக்டரின் வானொலியில், எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தபோது. நீ இரண்டாம் தடவை சொன்னதைத்தான் போட்டார்கள். உன் குரல் என்று எனக்கு உடனே தெரியவில்லை. யாரோ ஒரு அம்மா என்று நினைத்தேன்.

கண்டக்டர் வானொலியை அணைக்கக் கையை நீட்டினார். ஒரு பெண், "இருக்கட்டும்" என்றாள். ராணுவ முகாம் மாதிரி இருந்திருக்கும் என்று நீ ஒத்துக்கொண்டதையும் சேர்த்து முடியும்வரை கேட்டார்கள். யாரும் அழவில்லை, கத்தவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தார்கள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தார்கள். நான் உதவிக்குப் போனேன். ஒருவர் என் கையை விலக்கினார். தள்ளவில்லை, விலக்கினார். கண்டக்டரும் அவர்களோடு அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் விலக்கவில்லை.

எல்லாப் பச்சையையும் கொண்டுவந்து என் அறை வாசலில் போட்டுவிட்டு மழையில் நின்றார்கள். உன்மேல் எனக்கு அப்போது இருந்த கோபத்தை எழுதினால் நீ இந்தத் தாளைக் கையில் வைத்திருக்கமாட்டாய். சொல்லாதே என்றுதானே கேட்டேன். வேறு எதைக் கேட்டேன் உன்னிடம்?

கடைசியாகத் தையல்காரம்மாவின் கணவர் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று நின்றேன்.

"ரேடியோவுல தையல்காரின்னு சொன்னாங்க" என்றார்.

"ஆமா."

"ஒரு வாரமா அவளப் பட்டாளம் பட்டாளம்னு சொல்லிட்டிருந்தானுங்க. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

வாசலில் கிடந்த பச்சையைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கிட்டே வந்தார்.

"உங்க அக்காவுக்கு நன்றின்னு சொல்லிடுங்க. சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"இனிமே உங்க கையால எங்களுக்கு எதுவும் வேண்டாம் தம்பி."

தம்பி என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

இன்று காலை மீசை வெள்ளையோடு வந்தார். நான் லாரிப் பக்கம் போகவில்லை. கண்டக்டர் நின்று கொடுத்தார். கட்டினவர்களும் உண்டு, கட்டாமல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அவர்களாகவே பேசி, இனி இரண்டு பேர் அருகருகே கட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். தோட்டம் முழுக்க ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஒருவரை ஒருவர் கூப்பிட்டால் கேட்காத தூரம்.

என் இடத்துக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லி இயக்குநருக்கு எழுதிவிட்டேன்.

மீசை வண்டியைக் கிளப்பிவிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், எழுத்து ஆடுவது அதனால். யாரிடமும் கொடுத்தனுப்பத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவேன். நான் வெளியே வருவதற்குள் படித்து முடித்துவிடு. அந்த மனிதர் சொன்ன நன்றியை என் வாயால் உன்னிடம் சொல்ல முடியாது.

தம்பி